இரவல் சட்டை

"இன்னிக்கு உங்க சார் என்னைப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா? 'உங்க வீட்டுக்காரர் எப்பம்மா வருவார்? அவர் இல்லாத நேரத்துல நான் இங்க உட்கார்ந்திருக்கறது நல்லா இல்லை'ங்கறார்."

தொலைபேசியில் பேராசிரியரின் மனைவி. அவரிடம் படித்தவர்களுக்கெல்லாம் அவள் 'அம்மா'. அந்தக் குரல் அழவில்லை. அழுகிற கட்டத்தை எல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்தாச்சு, நீங்கதான் அவர்னேன். ஒரு பார்வை பார்த்தார் பாரு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி திடீர்னு என் சங்கிலியைக் காணோம்னா பார்ப்போமே, அந்தப் பார்வை."

"சாப்பிட்டாரா?"

"எங்க? அடுத்தவங்க வீட்டுல எத்தனை நாள்தான் சாப்பிடறதுன்னு ரெண்டு வாயோட எழுந்துடறார். குளிக்கப் போனா கதவைத் தாழ் போட்டுக்கறார். நேத்து உள்ளே விழுந்துட்டார். எப்படியோ கதவைத் திறந்து நான் தூக்கப் போறேன், 'அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க, யாராவது ஆம்பளையைக் கூப்பிடுங்க'ங்கறார். ஈரத் தரையில உட்கார்ந்துக்கிட்டு மரியாதையாப் பேசறார். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல."

"உங்க பொண்ணு என்ன சொல்றா?"

"முதியோர் காப்பகத்துல இடம் பார்த்துட்டா. ஞாயித்துக்கிழமை காலைல வண்டி வருது. அவ மேல தப்பில்ல. அவளும் வேலையை விட்டுட்டு எத்தனை தடவைதான் ஓடி வருவா? அவருக்கு என்னை ஞாபகம் வர வேண்டாம். அதெல்லாம் போனது போனதுதான். நான் அவர் பொண்டாட்டின்னு ஒத்துக்கிட்டாப் போதும். கையைப் பிடிச்சு அழைச்சிட்டுப் போக விட்டார்னா, வந்த வண்டியை வாசலோட திருப்பி அனுப்பிடுவேன். நீங்க இத்தனை பேர் அவர்கிட்ட படிச்சீங்களே, யாராலயாவது அதை மட்டும் அவர் மண்டையில ஏத்த முடியுமா?"

இந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கோரி வருகிறவர்களை விசாரிக்கிற அதிகாரி. அலுவலகத்தில் அவளுக்குக் 'குறுக்கு' என்று பெயர். குறுக்கு விசாரணை என்பதை முழுதாகச் சொல்லச் சோம்பல்பட்டு யாரோ பாதியில் விட, அதுவே ஒட்டிக்கொண்டது. மேசைக்கு எதிரே எரிந்துபோன கிடங்கின் சொந்தக்காரர், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி காத்திருந்தார். கண் காய்ந்திருந்தது. குறுக்கு அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் வரேம்மா," என்றாள்.

அந்தப் பார்வை அவளுக்கு வந்ததே பேராசிரியரிடமிருந்துதான். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போன முதல் நாள், அவர் வகுப்புக்குள் வந்து கைக்குட்டையால் மேசையைத் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நேத்து இந்த அறையில வகுப்பு நடந்ததா?"

"நடந்தது சார்," என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"யார் சொன்னா?"

"சீனியருங்க சொன்னாங்க சார்."

"எத்தனை பேர்?"

"எல்லாரும் சார்."

"எல்லாரும் ஒண்ணா நின்னு சொன்னாங்களா, தனித்தனியாச் சொன்னாங்களா? ஒண்ணா நின்னு சொன்னா அது ஒரே ஆள். பல வாய், ஒரே ஆள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேரைக் கொண்டா."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேசையின் ஓரத்தைக் காட்டினார். அங்கே சாக்பீஸ் தூளில் ஒரு முழங்கை ஊன்றிய தடம் இருந்தது. "இது யார்கிட்டயும் எதையும் நிரூபிக்கறதுக்காக உட்காரலை. சாட்சி சொல்றோம்னு தெரியாமச் சாட்சி சொல்லுது பாருங்க, இதை நம்பலாம். மத்தவங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு காரியம் ஆகணும்."

அன்றிலிருந்து அவருக்கு 'யார் சொன்னா சார்' என்று பெயர். நூற்றுக்கணக்கானவர்கள் அவரிடம் படித்தார்கள். முக்கால்வாசிப் பேர் வரலாற்றை விட்டு வங்கிக்கும் கடைக்கும் வெளியூருக்கும் போனார்கள். ஆனால் எவர் வீட்டுக்குப் போனாலும் குழந்தைகள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும். குறுக்கின் கணவன் ஒருநாள் சொன்னான்: "உன்கிட்ட தலை வலிக்குதுன்னுகூடச் சொல்ல முடியல. உடனே 'எப்பலேருந்து'ங்கற. என்னைக் கட்டிக்கிட்டியா, உங்க சாரைக் கட்டிக்கிட்டியான்னே புரியல."

"அவர் என்னைக் கட்டியிருக்க மாட்டார்," என்றாள் குறுக்கு. "ஒரு தடவைகூட நல்லாப் பண்ணியிருக்கேன்னு சொன்னதில்ல."

ஊரில் மிச்சமிருந்த பழைய மாணவர்கள் எல்லாரும் அவள் வருவதற்கு முன்பே முயன்று பார்த்துவிட்டார்கள். கூட்டமாகப் போய், "சார், இவங்கதான் உங்க மனைவி" என்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "நீங்க எல்லாரும் ஒண்ணாத்தானே வந்தீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். பெயர், முகம், ஊர், பாடம் எல்லாம் அவரிடமிருந்து கழன்று விழுந்துவிட்டன. கேட்கிற பழக்கம் மட்டும் துருப்பிடிக்காமல் நின்றது.

அப்படியானால் அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சனிக்கிழமை போகிற வழியெல்லாம் குறுக்கு மனதுக்குள் வழக்கை அடுக்கிக்கொண்டே போனாள். முதலில் இந்த அம்மாவுக்குக் கணவன் என்று ஒருவர் இருந்தார் என்று காட்டுவது. பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்று. கடைசியில், அது நீங்கள்தான் என்று. காப்பீட்டில் அப்படித்தான் செய்வார்கள். தீ பிடித்ததை முதலில் உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் யார் வீடு என்று போவார்கள்.

பேராசிரியர் முன்னறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால் வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைவு என்பதுபோல முதுகு நேராக இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க. வீட்டம்மாவைப் பார்க்க வந்தீங்களா? உள்ளே இருக்காங்க. நானும் விருந்தாளிதான்."

"இல்ல சார், உங்களைத்தான் பார்க்க வந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலேருந்து வரேன். ஒரு கேஸ். உங்க யோசனை வேணும்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. "கேஸ் என்ன?"

"இந்த வீட்டம்மா தனக்கு ஒரு வீட்டுக்காரர் உண்டுன்னு சொல்றாங்க. அவர் பேராசிரியராம். ரொம்ப வருஷம் இந்த வீட்டுலதான் குடும்பம் நடத்தினாங்களாம். உண்மையான்னு பார்க்கணும்."

"யார் சொன்னா?"

"அவங்கதான்."

"அவங்க சம்பந்தப்பட்டவங்க. முதல்ல அவங்களை உள்ளே இருக்கச் சொல்லுங்க. முகத்தைப் பார்த்தா நமக்கு இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா வேலை கெட்டுப்போகும்."

அம்மா கதவோரத்தில்தான் நின்றிருந்தாள். "நான் போயிக் காய் நறுக்கறேன்," என்றாள். போகும்போது குறுக்கின் காதருகே, "எத்தனை மாசமாச்சுடி இந்தக் குரலைக் கேட்டு," என்றாள். அவள் கண் மின்னியதைப் பார்த்தபோது குறுக்குக்கே ஒரு நிமிடம் பயமாக இருந்தது. ஆசை காட்டுகிறோமோ?

முதலில் குளியலறைக் கதவின் பின்பக்கம். பேராசிரியர் கைத்தடியை மறந்து எழுந்து வந்தார். கதவில் துண்டு மாட்டுகிற கொக்கிகள் இரண்டு இருந்தன. ஒன்று உயரத்தில், ஒன்று நெஞ்சளவில்.

"எதுக்கு ரெண்டு உயரம்?" என்று கேட்டாள்.

"ஒரே ஆள் இருக்கற வீட்டுல இப்படி அடிக்க மாட்டாங்க. ஒருத்தர் உயரம், ஒருத்தர் குட்டை. அந்தம்மா குட்டை." அவர் மேல்கொக்கியை எட்டித் தொட்டார். கை தானாகப் போய் உட்கார்ந்தது. பல்லாயிரம் முறை போன கை.

"அந்த மனுஷன் என் உயரம் இருப்பார்," என்றார் பேராசிரியர்.

"ஆமா சார்," என்றாள். வேறு என்ன சொல்ல?

அடுத்தது தையல். "சார், உங்க சட்டைக் கையைக் கொஞ்சம் காட்டுங்க. மடிப்புக்கு உள்பக்கம் பிரிஞ்சதைத் திரும்பத் தச்சிருக்காங்க, பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையைக் கண்ணருகே கொண்டுபோனார். "கைத்தையல். எல்லாம் எதிர்ப்பக்கம் சாயுது."

"எதிர்ப்பக்கம்னா?"

"வலதுகைக்காரங்க தச்சா இந்தப் பக்கம் சாயும். இது இடதுகை." சமையலறைப் பக்கம் மெல்ல எட்டிப் பார்த்தார். அம்மா இடது கையில் கத்தியைப் பிடித்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "பார்த்தீங்களா? அவங்களுக்கு நாம பார்க்கறது தெரியாது. இதுதான் நல்ல சாட்சி."

"அப்ப என்ன முடிவுக்கு வரலாம் சார்?"

"இது அந்தம்மா தன் வீட்டுக்காரருக்குத் தச்சுக் கொடுத்த சட்டை," என்றார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையையே பார்த்தபடி இருந்தார். முகம் மாறியது. வந்துவிட்டார், வாசல்படியில் நிற்கிறார், இன்னும் ஒரே அடி என்று குறுக்கு நினைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. தச்சர் வந்திருந்தார். அந்தக் கொக்கிகளை அடித்தவர் அவர்தான். அம்மாவிடம் விசாரித்துப் பிடித்து, காலையில் போனில் பேசி வரச் சொல்லியிருந்தாள். பேசும்போது வழக்கப்படி எச்சரித்தும் இருந்தாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. யாரையும் நீங்களா அடையாளம் காட்டாதீங்க. 'நீங்கதானே'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா எல்லாம் பாழாயிடும்." சாட்சி தானாக முந்திக்கொண்டால் அந்தச் சாட்சி செல்லாது. அது அவர் வகுப்பிலும் விதி, அவள் அலுவலகத்திலும் விதி.

"இந்தக் கொக்கியை அடிச்சது நீங்களா?" பேராசிரியர் கேட்டார்.

"ஆமாங்க. ஐயா உயரத்துக்கு ஒண்ணு, அம்மா உயரத்துக்கு ஒண்ணு. அன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே சண்டைங்க. ஐயா ஒரு கொக்கி போதும்ங்கறாரு. அம்மா, 'தினம் ஒரு துண்டுக்காக உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கணுமா'ங்கறாங்க. நான் சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டு நின்னதுதான் மிச்சம்."

"யார் ஜெயிச்சா?"

"கதவைப் பாருங்களேன். ரெண்டு கொக்கி இருக்குதே."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். சமையலறையில் கத்தியின் சத்தம் நின்றது.

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"கூலி வாங்கும்போது ஐயா கேட்டாருங்க, 'இந்தக் கொக்கி நல்லாத் தாங்கும்னு யார் சொன்னா'ன்னு. நான் சொன்னேன், கொக்கி சொல்லும்னு. 'சரியான பதில்'னு முதுகுல தட்டினாரு. அதனாலதான் இந்த வீடு மறக்கலை."

"நல்ல மனுஷனாத் தெரியறார்," என்றார் பேராசிரியர். குரலில் ஏக்கம்போல ஒன்று இருந்தது. பிறகு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "அந்த ஐயாவை இப்பப் பார்த்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

தச்சர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு குறுக்கைப் பார்த்தார். சொல்லலாமா கூடாதா என்று கண்ணாலேயே கேட்டார். குறுக்கு தலையசைக்கலாம் என்று நினைப்பதற்குள் அந்த மனிதர் தடுமாறிவிட்டார்.

"அது... ரொம்ப வருசமாச்சுங்களே. அப்ப ஐயா நல்லா ஆளு வாட்டசாட்டமா இருப்பாரு..."

பேராசிரியர் தலையாட்டினார். நன்றி சொல்லி, வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார். திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சரி. உங்க கேஸ் முடிஞ்சது. அந்தம்மா சொல்றது உண்மைதான். அவங்களுக்கு வீட்டுக்காரர் இருந்தார். இங்கதான் இருந்தார். ரெண்டு பேரும் அன்னியோன்யமாத்தான் இருந்திருக்காங்க. எழுதிக்கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன்."

குறுக்கு தரையில் அவர் எதிரே உட்கார்ந்தாள். "சார், அது நீங்கதான்."

அவர் கோபப்படவில்லை. கடைசிப் பக்கத்தை அவசரத்தில் எழுதிக் கெடுத்த மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதுக்கு என்ன சாட்சி?"

"உங்க உயரம்."

"இந்த உயரத்துல ஊருல எத்தனையோ பேர்."

"சட்டை உங்களுக்குச் சரியா இருக்கே சார்."

"எங்க சரியா இருக்கு?" தோள்பட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். துணி கொசுவம் கொசுவமாக மடிந்தது. "வாட்டசாட்டமான ஆள்னு உங்க சாட்சியே சொல்லிட்டுப் போறார். இது அவர் சட்டை. எனக்குத் தொளதொளங்குது."

"தச்சருக்கு உங்களைத் தெரியும் சார். நான்தான் சொல்ல வேண்டாம்னு சொல்லி வச்சேன்."

"அதைத்தான் கவனிச்சேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்தார். இனிமே அவர் என்ன சொன்னாலும் அது உங்க வார்த்தை." முன்னால் குனிந்தார். "வருத்தப்படாதீங்க. நல்லாப் பண்ணியிருக்கீங்க. உழைப்பு தெரியுது. ஆனா நிரூபிக்க முடிஞ்சதை எல்லாம் நிரூபிச்சீங்க. நிரூபிக்க வேண்டியதை மட்டும் வீட்டுலயே நம்பிட்டு வந்துட்டீங்க."

நல்லாப் பண்ணியிருக்கீங்க. இத்தனை வருடம் கழித்து அந்த வார்த்தை வந்தது, வந்து என்ன பிரயோஜனம்? தச்சர் உள்ளே வந்ததும் வராததுமாக, "என்னங்க ஐயா, இப்படி இளைச்சுட்டீங்க" என்று சொல்ல விட்டிருந்தால்? அவர் வாயைக் கட்டிப்போட்டது அவள். அதைக் கற்றுக்கொடுத்தது இவர்.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

பேராசிரியர் எழுந்து நின்றார். "அம்மா, விசாரிச்சாச்சு. உங்க மேல எந்தச் சந்தேகமும் இல்ல. உங்க வீட்டுக்காரர் நல்லவர். இனிமே யார் கேட்டாலும் நானே சொல்றேன்."

"சரிங்க," என்றாள் அம்மா.

"ஆனா பாருங்க, இது குடும்பம் நடந்த வீடு. முன்னாடி எனக்கு நிச்சயமாத் தெரியாம இருந்தது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறமும் அந்த மனுஷன் இடத்துல நான் உட்கார்ந்துக்கிட்டிருந்தா அது முறையில்ல. எனக்கு வேற எங்கயாவது ஏற்பாடு பண்ண முடியுமா?"

உள்ளே எங்கோ வாளி நிறைந்து குழாய்த் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நாளைக்குக் காலைல வண்டி வருது," என்றாள் அம்மா. "நல்ல இடம்னு சொல்றாங்க."

யார் சொன்னா என்று கேட்பார் என்று குறுக்கு எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"ஏம்மா," என்றாள் குறுக்கு, அவர் காதில் விழாமல். "நான் வராமலே இருந்திருக்கலாம்."

"நீ வராட்டியும் வண்டி வரும்டி. என்ன, இழுத்துப் போட்டு ஏத்தியிருப்பாங்க. இப்ப அவராவே ஏறிப்பார்." அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவர் சிரிச்சதைக் கேட்டேன். கொக்கிச் சண்டையில நான் ஜெயிச்சதை அவர் வாயாலேயே கேட்டுச் சிரிச்சார். போதும் போ."

போதாது என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

அதற்குள் பேராசிரியர் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். மேல் பொத்தான் வந்தது. அடுத்தது வர மறுத்தது.

"என்ன பண்றீங்க?" என்று அம்மா பதறினாள்.

"இது அவர் சட்டை. தெரியாமப் போட்டுக்கிட்டேன். திருப்பிக் கொடுத்துடறேன்." ஒருவழியாகக் கழற்றி, கையை உள்ளே மடித்து, காலரை நேராக்கி, இரண்டு கையாலும் நீட்டினார். பனியனுக்கு வெளியே கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை மெலிந்திருக்கிறாரா என்று குறுக்கு பார்க்க முடியாமல் பார்த்தாள்.

அம்மா சட்டையை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உதறிப் பிரித்தாள்.

"குளிருது. போட்டுக்குங்க. அவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க அவருக்கு வேண்டியவங்க. அவரைப் பத்தி நல்லதாத்தான் சொல்வீங்க." அவர் குறுக்கின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும் சார். அவர்கிட்ட படிச்சேன்."

"இரவல் கொடுக்கற ஆளா?"

"நிறையக் கொடுத்திருக்கார் சார். எதையும் திருப்பிக் கேட்டதில்ல."

அவர் யோசித்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்பச் சரி," என்று கையை நீட்டினார்.

அம்மா ஒரு கையை நுழைத்தாள். பின்பக்கமாகச் சுற்றி வந்து அடுத்த கையை நுழைத்தாள். மாதக்கணக்காகத் தொட விடாதவர், துணிக்கடையில் அளவு பார்க்க நிற்பவர்போல மோவாயைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அம்மா இடது கையால் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். அவசரமே இல்லை. கடைசிப் பொத்தானைப் போட்டதும், போட்டதைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள்.

"பார்த்து வச்சுக்கிறேம்மா," என்றார் அவர். "போற இடத்துலேருந்து யார்கிட்டயாவது கொடுத்தனுப்பறேன்."

"அவசரமில்ல," என்றாள் அம்மா. "நீங்களே வச்சுக்குங்க."

குறுக்கு உள்ளே போய் வழிந்துகொண்டிருந்த குழாயை மூடினாள். அலமாரியின் மேல்தட்டில் பயணப் பெட்டி இருந்தது. அம்மாவுக்கு எட்டாது. நாற்காலியைப் போட்டு ஏறி அவளே அதை இறக்கினாள்.